கவிழ்த்து வைத்த சட்டி

என் மாமனார் கந்தப்பன் தான் செய்த சட்டியையே நம்பமாட்டார். சூளையிலிருந்து எடுத்துச் சாம்பலைத் துடைத்ததும் இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது கையின் நடுவிரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவார். காதருகே வைத்துக் கேட்பார். கொஞ்சம் திருப்பி இன்னொரு தட்டு. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. மூன்று நாளும் ஒரே குரலில் ‘கிண்’ என்ற சட்டியை வாய் மேலே பார்க்கப் பலகையில் அடுக்குவார். முதல் நாள் ஒரு குரலும் மறுநாள் வேறு குரலும் சொன்ன சட்டி சுவர் மூலையில் கவிழ்ந்துவிடும். கவிழ்ந்தது யாருக்கும் போகாது.

நான் கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் என் மாமி இராக்கம்மா இதைச் சொல்லிச் சிரித்தார்.

“இந்த மனுசன் என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவும் கை சும்மா இருக்கல. நல்லவேள, எங்கப்பா பக்கத்துல ஒக்காந்திருந்தாரு. இல்லாட்டி என் மண்டையத் தட்டிப் பாத்துட்டுத்தான் சரின்னு சொல்லியிருப்பாரு.”

“தட்டிப் பாத்திருக்கணும்,” என்றார் மாமா. “அன்னைக்கே கவுத்து வச்சிருப்பேன்.”

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்ததை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கவிழ்த்து வைப்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டம் பசறைக்கும் பதுளைக்கும் நடுவில் இருக்கிறது. பஸ்ஸை விட்டிறங்கி முக்கால் மணி நேரம் மலை ஏற வேண்டும். மாமா அங்கே கவ்வாத்துக்காரர். மலை மலையாகத் தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி இறக்குகிற வேலை. அவருடைய அப்பாவும் தாத்தாவும் அதே வேலைதான் செய்தார்கள். அந்தக் குடும்பத்தில் யாரும் பானை வனைகிற சக்கரத்தைத் தொட்டதில்லை.

பத்தொன்பது வயதில் மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்தபோது மண்வெட்டியில் சாம்பல் நிறத்தில் ஒரு களி ஒட்டிக்கொண்டதாம். உதறினால் விழவில்லை. கல்லில் தேய்த்தாலும் போகவில்லை. விரலால் வழித்து எடுத்தார். எடுத்ததை எறிய மனம் வரவில்லை. வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் மறுநாள் பேர் கூப்பிடும்போது கூடச் சட்டைப் பையில் அந்த உருண்டை இருந்தது. கங்காணி, “பையில என்னடா?” என்று கேட்க, “மண்ணுங்க” என்றாராம். கங்காணி நம்பவில்லை. பையைத் தலைகீழாகக் கொட்டச் சொன்னார். மண்தான் விழுந்தது.

அதே வருடம் தோட்டத்தை விட்டுப் போய், வெலிமடைப் பக்கம் சட்டி பானை செய்கிற ஒரு சிங்களக் கிராமத்தில் சூளைக்கு விறகு சுமந்தார். இரண்டு வருடம். சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை. விறகைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது பார்த்த அளவுதான் அவருடைய படிப்பு. திரும்பி வந்து மறுபடி கவ்வாத்துக் கத்தியைத் தூக்கினார். ஆனால் ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்தில், சமைக்கிற குசினியின் பின்பக்கம் தகரம் போட்டு ஒரு சாய்ப்பு இறக்கி, பழைய லொறிச் சில்லின் இரும்பைப் புதைத்து, அதன்மேல் பலகை பூட்டிச் சக்கரம் செய்துகொண்டார். மாலை நான்கு மணிக்கு வேலை விட்டு வந்தால் இருட்டும்வரை அங்கேதான்.

அவர் மண்ணைக் கண்ணால் பார்ப்பதைவிட நாக்கால் பார்ப்பதே அதிகம். ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைப்பார். பல்லில் நறநறத்தால் துப்புவார். வழுவழுவென்று கரைந்தால் முகம் மலரும். மழைக்காலத்தில் பதுளை ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டால் எல்லோரும் திட்டிக்கொண்டிருக்க, அவர் இறங்கிப் போய்ச் சரிந்த மண்ணைக் கிள்ளி வாயில் வைப்பார். ஒருமுறை கண்டக்டர், “ஐயாவுக்குப் பசிச்சா கடையில பணிஸ் இருக்குங்க” என்றதும் பஸ்ஸே சிரித்தது. சாப்பாட்டுப் பையைக் காலி செய்து அந்த மண்ணை நிரப்பிக்கொண்டு ஏறினார்.

இப்படிப்பட்ட ஆளைச் சும்மா விடுவார்களா? ஓடையோரம் குழி வெட்டுகிறான், மண்ணைத் தண்ணீரில் கரைக்கிறான், சல்லடையில் அரிக்கிறான். எங்கள் பகுதியில் இதைச் செய்கிறவனை மாணிக்கக்கல் தேடுகிறவன் என்றுதான் நினைப்பார்கள். யாரோ மொட்டைக் கடிதம் போட, ஒரு நாள் பொலிஸார் இரண்டு பேர் வந்து காயவைத்த பானைகளை எல்லாம் கவிழ்த்துப் பார்த்தார்களாம். பிசைந்து வைத்த மண்ணுக்குள் கையை விட்டுத் துழாவினார்களாம். ஒன்றும் கிடைக்கவில்லை. போகும்போது ஒருவர், “அப்ப எதுக்கு அரிக்கிற?” என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். “கல்லு இருந்தா சட்டி உடைஞ்சிரும் சேர்” என்று மாமா பதில் சொன்னார். கல்லை எறிவதற்காக ஒருவன் மண்ணை அரிப்பான் என்பதை அவர்களும் நம்பவில்லை, தோட்டமும் நம்பவில்லை. அந்தச் சந்தேகம் முப்பது வருடம் கழித்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சரான நான் மருமகளாக வரும்போதும் இருந்தது. “டீச்சர், மாமனாரு எத்தன கல்லு எடுத்து வச்சிருக்காரு?” என்று பாதி விளையாட்டாகக் கேட்பார்கள்.

ஆனால் கோயிலுக்கு மட்டும் அவர் வேண்டும். சித்திரையில் எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்குத் தீச்சட்டி முழுதும் அவர் கைச்சட்டிதான். விரதமிருந்தவர்கள் வெறுங்கையில் வேப்பிலையை விரித்து, அதன்மேல் நெருப்புச் சட்டியை வைத்து, ஓடையிலிருந்து கோயில்வரை மலையேறி வருவார்கள். இருபத்தெட்டு வருடமாக ஒரு சட்டியும் வழியில் உடைந்ததில்லை. உடைந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். தூக்கினவர் சுத்தமில்லை என்று ஆத்தா காட்டிக் கொடுத்ததாக அர்த்தம்.

நான் தை மாதம் அந்த வீட்டுக்கு வந்தேன். அந்தச் சித்திரைத் திருவிழாவில் உடைந்தது.

தூக்கினவள் தனலெட்சுமி. எங்கள் லயத்துக்கு மேல் லயம். வயது முப்பத்திரண்டு இருக்கும். நாடு நெருக்கடியில் கிடந்த வருடம் வீட்டு வேலைக்குக் குவைத் போனவள், ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருக்கும்போதே ஒரு நாள் பையோடு வந்து இறங்கினாள். வேலை செய்த வீட்டுக் கிழவி செத்துப்போனதால் அனுப்பிவிட்டார்கள் என்றாள். அதை யாரும் நேரே மறுக்கவில்லை. யாரும் நம்பவும் இல்லை. எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு அவள் வந்தால் பேச்சு நிற்கும். அவள் கணவன் ஜெயகுமார் பசறையில் ஓட்டோ ஓட்டுகிறவன். ஸ்டாண்டில் யாராவது எதையாவது சொல்லிவைக்க, வீட்டுக்கு வந்ததும் அவளுடைய போனை வாங்கிப் பார்ப்பான். அவர்களுக்கு நிஷாந்தினி என்று ஒரே மகள், என் வகுப்பில் நாலாம் ஆண்டு படிக்கிறவள்.

நல்லபடி திரும்பினால் தீச்சட்டி எடுப்பதாக அவள் அங்கே நேர்ந்திருந்தாளாம். கோயில் கமிட்டி லிஸ்ட் முடிந்துவிட்டது என்று பேர் எழுதவில்லை. அவள் மாமாவிடம் வந்து நின்றாள்.

“லிஸ்டு அவங்ககிட்ட இருக்கட்டும்,” என்றார் மாமா. “சட்டி எங்கிட்டதான இருக்கு. வெரதத்த விட்றாத. அன்னைக்குக் காலையில வந்து வாங்கிக்க.”

லிஸ்டில் இருபத்தொரு பேர். மாமா இருபத்துநான்கு சட்டி சுட்டிருந்தார். மூன்று நாள் தட்டிப் பார்த்ததில் இருபத்திரண்டு வாய் மேலே பார்த்து நின்றன. இரண்டு மூலையில் கவிழ்ந்தன. இருபத்திரண்டாவதுதான் தனலெட்சுமிக்கு.

திருவிழா அன்று காலை மாமாவும் மாமியும் கரகத்தை அலங்கரித்துப் பாலிக்கிற இடத்துக்குப் போய்விட்டார்கள். என் கணவர் ஜீவனுக்குக் கொழும்பில் லீவு கிடைக்கவில்லை. நான் தனியாக இருந்தேன். கமிட்டி ஆட்கள் வந்து பலகையில் இருந்த சட்டிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். கையிருப்புக்கு இருக்கட்டும் என்று இருபத்திரண்டையும் கொண்டுபோனது பிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தனலெட்சுமி மஞ்சள் சேலையில், ஈரத் தலையோடு, தட்டில் வெற்றிலை பாக்குடன் வாசலில் நின்றாள்.

“டீச்சர், மாமா எனக்கு ஒண்ணு வச்சிருக்கேன்னாரு.”

பலகை காலி. கோயிலில் போய்க் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். மாமா வரட்டும், உட்காருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்துக் காம்பராவில் இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுமருமகள், பள்ளிக்கூட டீச்சர், அவளோடு வாசலில் நின்று பேசுவதை அவர்கள் பார்க்கிறார்கள் என்பதுதான் என் மனதில் இருந்தது. அவள் சீக்கிரம் போய்விட வேண்டும். மூலைக்குப் போனேன். கவிழ்ந்திருந்த இரண்டில் ஒன்றை நிமிர்த்தினேன். தூசி விழாமல் இருக்கத்தான் கவிழ்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரியான வார்த்தை.

சட்டியை வாங்கிக்கொண்டு அவள் என் காலைத் தொடக் குனிந்தாள். “ஐயோ, என்னங்க இது,” என்று விலகினேன்.

பின்னேரம் நான்கு மணி இருக்கும். வரிசையில் கடைசியாக அவள் வந்தாள். கோயிலுக்குக் கீழே பாதை வளைகிற முடக்கில் ஏறும்போது ‘பட்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. சட்டி இரண்டாகப் பிளந்து கங்கு அவள் கையிலும் காலிலும் கொட்டியது. அவள் கத்தவில்லை. கையில் இருந்த பாதிச் சட்டியை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். யாரோ வந்து தட்டிவிட்டார்கள். தப்பு மேளம் நின்றது. அந்த அமைதியில் ஒரு கிழவி சொன்னாள்: “ஆத்தா காட்டிக் குடுத்துட்டா.”

அன்றே ஜெயகுமார் பிள்ளையைப் பெரகலயில் இருக்கிற தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டான். தனலெட்சுமியின் பையை எடுத்து வாசலில் வைத்தான். எட்டாம் நாள் மறுபூசையில் கமிட்டி கூடி முடிவு சொல்லும். அதுவரை வீட்டுக்குள் வரக்கூடாது. முடிவு எப்படி வருகிறதோ அதைப் பார்த்து மற்றதை யோசிக்கலாம். அவள் லயத்துக் கோடியில் கூரை பிரிந்து கிடந்த ஒரு காம்பராவில், இரண்டு கையிலும் துணி சுற்றி உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை மட்டும் காட்டச் சொன்னாள். அதற்கும் எட்டாம் நாள் என்றுதான் பதில்.

மறுநாள் விடிந்ததும் மாமா முடக்குக்குப் போய் உடைந்த சட்டியின் ஓடுகளைப் பொறுக்கி வந்தார். சாய்ப்பில் சாக்கை விரித்து ஒவ்வொன்றாகப் பொருத்தினார். பிளந்த விளிம்பு ஒன்றில் உளுந்தளவு வெள்ளையாக ஏதோ இருந்தது. நகத்தால் சுரண்டினார். மாவாக உதிர்ந்தது. நாக்கில் வைத்தார். உடனே துப்பினார்.

“சுண்ணாம்பு,” என்றார்.

அந்த வருடம் மேல்மலையில் கவ்வாத்து முடிந்ததும் டொலமைட் தூவினார்கள். வெள்ளைத் தூள், மண்ணுக்குப் போடுவது. அதில் அரைபடாத சின்னக் கல்லும் கிடக்கும். தூவினவர்களில் மாமாவும் ஒருவர். பங்குனி மழையில் அது வழிந்து, கீழே அவர் களி வெட்டுகிற ஓடையோரத்தில் சேர்ந்திருக்கிறது. அரித்தும் ஒரு கல் தப்பியிருக்கிறது. சூளையில் வெந்து சுண்ணாம்பாகி, பிறகு நாள்கணக்கில் ஈரத்தைக் குடித்து, சட்டிக்குள்ளேயே இருந்துகொண்டு ஊதுமாம். அதனால்தான் முதல் நாள் ஒரு குரல், மூன்றாம் நாள் வேறு குரல். எல்லாவற்றையும் மாமியிடம் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்திவிட்டு மூலையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு சட்டிதான் கவிழ்ந்திருந்தது.

“ரெண்டு இருந்துச்சே,” என்றார் மாமி. “யாரோ வந்து எடுத்திருக்கணும். கமிட்டிக்காரப் பயலுகளா இருக்கும்.”

நான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றிருந்தேன். மாமா என் முகத்தைப் பார்த்தார். சட்டியைத் தட்டிவிட்டுக் கேட்பாரே, அப்படி ஒரு பார்வை. பிறகு கோப்பையை வாங்கிக்கொண்டார்.

எட்டாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம். தனலெட்சுமி எல்லோருக்கும் பின்னால் தனியாக. கமிட்டித் தலைவர் வேலாண்டி பேசத் தொடங்குமுன் மாமா அந்த வெள்ளை தெரிந்த ஓட்டுத் துண்டை நீட்டினார்.

“கந்தப்பா, ஒனக்கும் இதுக்கும் என்ன? சட்டி செஞ்சதோட ஒன் வேல முடிஞ்சுச்சு.”

“முடியலண்ணே. ஒடஞ்சது என் சட்டி.”

“சட்டி ஒடையல. ஆத்தா ஒடச்சா.”

“ஆத்தா ஒடச்சா, ஒடஞ்ச எடத்துல சுண்ணாம்பு எதுக்கு இருக்கு?”

ஓடு கை மாறிக் கை மாறிப் போனது. பார்த்தவர்கள் எல்லாம் வெள்ளையைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு மாமாவைப் பார்த்தார்கள்.

“இத நீங்களே தடவிக் கொண்டாந்திருக்கலாம்ல?” என்றான் ஒருவன்.

“மாணிக்கக்கல்ல மறைக்கத் தெரிஞ்ச ஆளுக்குச் சுண்ணாம்பு வைக்கத் தெரியாதா?”

“அவளுக்காக இவரு ஏன் இம்புட்டுப் பாடுபடுறாரு?” பின்னாலிருந்து ஒரு குரல். “குவைத்து சென்ட்டு வாசம் பட்டிருக்கும்.”

சிரிப்பு எழுந்தது. மாமி பெண்கள் பக்கத்திலிருந்து முன்னே வந்துவிட்டார்.

“யார்றா அவன்? என் புருசனுக்கு மண்ணு வாசத்தத் தவிர ஒரு வாசமும் தெரியாது. தெரிஞ்சிருந்தா முப்பது வருசமா நான் தலையில பூ வச்சதப் பாத்திருப்பாரு!”

இந்தமுறை சிரிப்பு வேறு பக்கம் போனது. மாமா அதைக் கவனிக்கவில்லை. சாக்குப் பைக்குள்ளிருந்து இன்னொரு சட்டியை எடுத்தார். கவிழ்ந்திருந்த இரண்டாவது.

“இதுவும் அதே மண்ணு, அதே சூள. இதுல நெருப்பப் போடுவோம்.”

“யாரு தூக்குறது?” என்றார் வேலாண்டி. “நீ தூக்கி ஒடஞ்சா ஒன் மேலயும் குத்தம்னுதான் சொல்லுவோம்.”

“அதுக்குத்தான் நான் தூக்கல.”

கோயில் முன்னால் தேங்காய் உடைக்கிற கல் இருக்கிறது. எத்தனையோ வருடமாக இளநீர் பட்டுக் கறுத்து மின்னுகிற கல். மாமா பூசாரியைக் கேட்டார். பூசாரி தலைவரைப் பார்த்தார், பிறகு தலையசைத்தார். மாமா அந்தக் கல்மேல் வேப்பிலை பரப்பி, சட்டியை வைத்து, மடப்பள்ளி அடுப்பிலிருந்து கங்கை வாரிப் போட்டு, கொஞ்சம் தள்ளி மண்ணில் உட்கார்ந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. கங்கு வெள்ளை பூத்தது. மறுபடி போட்டார்கள். “தேத்தண்ணி வச்சுக் குடிச்சுட்டு வரலாமே,” என்றான் அந்தச் சென்ட்டுக்காரன். ஜெயகுமார் கையைக் கட்டிக்கொண்டு சட்டியையே பார்த்து நின்றான். மாமாவின் உதடு அசைந்தது. தன் சட்டி உடைய வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடம் இதே வாசலில் அதற்கு எதிரான வேண்டுதலோடு நின்ற மனிதர்.

நானும் வேண்டினேன். என் வேண்டுதல் என்ன என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியவில்லை.

மூன்றாம் முறை கங்கு போட்டபோது ‘டிக்’ என்று சின்னதாகக் கேட்டது. மாமா தலையைச் சாய்த்தார். அடுத்த நிமிடம் சட்டி ஒரு பக்கமாகப் பிளந்து கங்கு கல்மேல் சரிந்தது.

மாமா எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

“இந்தக் கல்லு எந்த நாட்டுக்குப் போயிட்டு வந்துச்சுன்னு விசாரிங்கண்ணே,” என்றார்.

வேலாண்டி கல்லையே பார்த்தார். கெட்டிக்காரர். தோற்றாலும் வெறுங்கையோடு போகிறவர் இல்லை.

“சரி. சட்டி கெட்டது. ஒத்துக்கிறேன். ஆனா அது கெட்டதுன்னு ஒனக்கு முன்னயே தெரிஞ்சிருக்கு. இதையும் அதையும் ஒதுக்கித்தான் வச்சிருந்திருக்க. அப்புறம் எதுக்கு அந்தப் புள்ள கையில குடுத்த?”

மாமி திரும்பி என்னைப் பார்த்தார். திருவிழா அன்று காலை மாமா வீட்டில் இல்லை என்பது மாமிக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைவு. சத்தம் வந்ததாக நினைவில்லை.

“ஒண்ணு கொறஞ்சுச்சு,” என்றார் மாமா. “தாங்கும்னு நெனச்சுக் குடுத்துட்டேன். குத்தம் என்னோடது.”

அவ்வளவுதான். கமிட்டி தனலெட்சுமி மேல் குற்றம் இல்லை என்றது. இனிமேல் கோயிலுக்குத் தீச்சட்டி கந்தப்பனிடம் எடுப்பதில்லை என்றும் சொன்னது. மறுநாள் ஜெயகுமார் பெரகலயிலிருந்து பிள்ளையைக் கூட்டி வந்தான். பையை எடுத்து உள்ளே வைத்தான்.

அன்று மாலை சாய்ப்புக்குப் போனேன். மாமா சக்கரத்தில் மண்ணை ஏற்றிக்கொண்டிருந்தார்.

“மாமா, அந்தச் சட்டிய…”

“மண்ணு சரியில்லம்மா,” என்றார், சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “டொலமைட் தூவுன மலைக்குக் கீழ வெட்டியிருக்கக் கூடாது. தூவுனவனே நாந்தான்.”

அதற்குப் பிறகு குரல் சரியில்லாத சட்டியை அவர் கவிழ்த்து வைக்கவில்லை. அங்கேயே உடைத்து, இடித்து, சலித்து, புதுமண்ணோடு சேர்த்துவிடுவார். மூலை காலியாகக் கிடந்தது. அந்த விஷயத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒன்றுதான்.

அடுத்த சித்திரைக்குத் தீச்சட்டி பதுளைக் கடையிலிருந்து வந்தது. மாமா விறகு வெட்டிக் கொடுத்தார். பந்தலுக்குக் கால் நட்டார். ஊர்வலம் முடக்கில் ஏறும்போது மட்டும் கூட்டத்திலிருந்து விலகி, ஒவ்வொரு சட்டியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். எதுவும் உடையவில்லை. “நல்ல மண்ணு,” என்றார் என்னிடம். அவர் குரலில் பொறாமைகூட இருந்தது.

ஆனால் தனலெட்சுமி விஷயம் முடியவில்லை. சட்டிதான் கெட்டது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பிறகு இன்னொரு கேள்வி எங்கிருந்தோ முளைத்தது. பீலியில் கேட்டேன், பஸ்ஸில் கேட்டேன், பள்ளிக்கூடத்திலும் கேட்டேன். சட்டி கெட்டதாகவே இருக்கட்டும், அத்தனை பேர் இருக்கும்போது அது ஏன் இவள் கைக்கு வந்தது? இதற்குத் தேங்காய்க் கல்லால் பதில் சொல்ல முடியாது. ஜெயகுமார் இப்போதும் அவள் போனை வாங்கிப் பார்க்கிறான் என்று நிஷாந்தினி வகுப்பில் யாரிடமோ சொன்னாள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். ஒருவர் சொல்லமாட்டார். இன்னொருவர் நான்.

போன ஆவணியில் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தார். மூன்றாம் நாள் நான் கொண்டுபோன பீங்கான் கோப்பையை வாங்கி, குடிக்குமுன் நடுவிரலை மடக்கித் தட்டினார். “இது பரவால்ல,” என்றார். பக்கத்துக் கட்டில்காரர் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார். நான்காம் நாள் விடியும்போது போய்விட்டார். ஜீவன் தோளில் சுமந்து உடைத்த குடம் மாமா செய்ததுதான். வேறு வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு தனலெட்சுமி வந்தாள். கையில் தழும்பு பளபளவென்று இருந்தது. மாமி உள்ளே படுத்திருந்தார். நாங்கள் இருவரும் சாய்ப்பில் நின்றோம். சக்கரத்தில் மண் காய்ந்து வெடித்திருந்தது.

“கெட்ட சட்டியக் குடுத்தாலும் நல்ல மனுசன் டீச்சர்,” என்றாள். “எல்லார் முன்னாலயும் தம்மேலதான் தப்புன்னாரே. யாரு சொல்லுவா அப்படி?”

“அவரு குடுக்கல,” என்றேன். “நாந்தான் குடுத்தேன். ஒங்களுக்கே தெரியும். எங்கிட்டதான வாங்குனீங்க.”

“நீங்க எடுத்துக் குடுத்தீங்க. அவரு வச்சிட்டுப் போனத.”

“இல்ல. அவரு வச்ச சட்டிய கமிட்டியில கொண்டு போயிட்டாங்க. நீங்க வாசல்ல நின்னீங்க. சீக்கிரம் போகட்டும்னு ஒதுக்கி வச்சதுல ஒண்ண எடுத்துக் குடுத்துட்டேன். அது கெட்டதுன்னு எனக்கு… எனக்குத் தெரியும்.”

அந்த வார்த்தையை முதல்முறை வெளியே சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர்ப் பீலியில் மற்றவர்கள் அவளைப் பார்க்கிற அதே பார்வை. கண்ணைச் சுருக்கி, சொன்னதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடுகிற பார்வை.

“இத ஏன் இப்ப சொல்றீங்க?”

“சொல்லணும்னு…”

“செத்த மனுசன் பேரக் காப்பாத்தப் பாக்குறீங்க,” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். “திரும்பக் கோயில்ல அவரு சட்டியப் பத்தி நல்லதாப் பேசணும்னு. எனக்குப் புரியுது டீச்சர். நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன்.”

“சத்தியமா தனலெட்சுமி. ஜெயகுமார்கிட்டயும் வந்து சொல்றேன். கமிட்டியில சொல்றேன். ஏன் அது ஒங்க கைக்கு வந்துச்சுன்னு கேக்குறாங்கள்ல, அதுக்குப் பதில் இதுதான்.”

பலகையில் கடைசிச் சூளையின் சட்டிகள் ஏழெட்டு இருந்தன. எல்லாம் வாய் மேலே பார்த்து. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“சொல்லுங்க,” என்றாள் கடைசியில். “நம்புறாங்களான்னு பாப்போம்.”

கமிட்டி ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. தலைவரிடம் பேர் கொடுத்துவிட்டேன். எதற்கு என்று கேட்டார். மாமனார் சட்டியைப் பற்றி என்றேன். “அது முடிஞ்ச கத,” என்றார், என் முகத்தை உற்றுப் பார்த்தபடி.

தனலெட்சுமி அன்று போகும்போது, குழம்பு வைக்க ஒரு சட்டி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். எது வேண்டுமானாலும் எடுங்கள் என்றேன். ஓரத்தில் இருந்ததை எடுத்தாள். என்னிடம் நல்லதா என்று கேட்கவில்லை. தழும்பேறிய உள்ளங்கையில் ஏந்தி, விரலை மடக்கி, தட்டிவிட்டுக் காதில் வைத்தாள். திருப்பி இன்னொரு தட்டு. பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, நாளைக்கு வந்து மறுபடி பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.